டீச்சருக்கும் வேண்டும் ஒரு மரத்தடி வகுப்பு

கொல்லையில் ஆசை ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைக் கன்றில் புழுவைக் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? முகத்தைச் சுளித்துக்கொண்டு குச்சியால் தட்டி விடுகிறோம். ரசத்துக்குத் தாளிக்க இலை வேண்டுமே! ஆனால் அதே புழு, மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு மாதப் பாடம். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலக் கறுப்பும் வெளுப்புமாக இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும். தின்ன வரும் பறவை ஏமாறட்டும் என்றுதான் அந்த வேஷம். பெரிதானதும் இலையோடு இலையாகப் பச்சை நிறம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடையை விடும். அப்புறம் ஒரு மெல்லிய நூலால் காம்போடு தன்னைக் கட்டிக்கொண்டு, கூட்டுப்புழுவாகி அசையாமல் கிடக்கும். பிறகு ஒரு நாள் காலையில் வண்ணத்துப்பூச்சி!

புத்தகத்தில் இது நாலு படமாக, வட்டமாக அம்புக்குறி போட்டு அச்சாகியிருக்கிறது. குழந்தைகள் 'முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி' என்று ஒப்பிக்கிறார்கள். பத்தடி தள்ளி, பள்ளிக்கூடத்துக் கிணற்றடிக் கறிவேப்பிலையில் அது நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறது. அங்கே அழைத்துப் போய்க் காட்ட டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? சரி, டீச்சருக்கு யார் காட்டினார்கள்?

சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் பாடமாக வைக்க வேண்டும் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. 2003-ல் மறுபடியும் அழுத்திச் சொன்னது. வகுப்பில் படிப்பதை வெளி வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்று 2005-ம் வருஷத்துத் தேசியக் கலைத்திட்டமும் சொல்கிறது. பாடம் வந்தது, புத்தகம் வந்தது, பரீட்சையும் வந்துவிட்டது. வெளியே போவது மட்டும் பல இடங்களில் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிஜ வேப்பமரம் நிற்கிறது. உள்ளே குழந்தைகள் அச்சடித்த மரத்துக்குப் பச்சைக் கலர் அடிக்கிறார்கள்.

டீச்சர்களைக் குறை சொல்வது சுலபம். எங்கள் பக்கத்து ஆரம்பப் பள்ளிகளில் டீச்சர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். நம்மைப் போல வளர்ந்தவர்கள்தான். அண்ணனும் தம்பியும் கண்மாயில் குதித்து நீச்சல் பழகினார்கள், புளியமரத்தில் ஏறினார்கள். நமக்கு? "பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன ஜோலி? உள்ளே வா!" இப்படி வளர்ந்த பெண், ட்ரெயினிங்கிலும் நாலு சுவருக்குள் உட்கார்ந்து சார்ட் எழுதி, டிப்ளமா வாங்கி, டீச்சராகிறாள். 'குழந்தைகளை வெளியே அழைத்துப் போய்க் கற்பியுங்கள்' என்று அவளிடம் சொன்னால் எங்கே போவாள்? கண்மாய்க் கரை அவளுக்கே பயம்.

மதுரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். என் கடைக்குட்டி நாலாம் வகுப்பு. நான் பத்தாவதோடு நின்றவள் என்றாலும், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் அம்மாவாக இருக்கிறேன். போன தை மாதம் சுற்று வட்டாரப் பள்ளி டீச்சர்களுக்கு எங்கள் பள்ளியில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஊரையே பாடமாக வைத்து வெளியில் கற்பிப்பது எப்படி என்று ஒரு பயிற்சி. சமையலுக்கும் காபிக்கும் ஒத்தாசை செய்யப் போன அம்மாக்கள் நாங்கள் நாலு பேரும் கூடவே நின்று கவனித்தோம். கற்றுக்கொடுக்க வந்தவர், ரிடையரான ஒரு சயன்ஸ் டீச்சர். எழுபது வயதை நெருங்குகிறவர். கையில் ஒரு கருவேலங்குச்சி, ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

"பேர் தெரியாதே டீச்சர்!"

வந்திருந்தவர்கள் மொத்தம் இருபத்தெட்டுப் பேர். விசிறிக்கு நேராக நாற்காலி தேடினார்கள். அந்த அம்மாள் உட்காரவே விடவில்லை. "எல்லாரும் வெளியே போங்க. வாசல்லேருந்து இருபது எட்டு. தனித்தனியா உட்காருங்க. கால் மணி நேரம் பேசக் கூடாது, செல்லைத் தொடக் கூடாது. கண்ணில பட்டதையும் காதில விழுந்ததையும் எழுதுங்க" என்றார்.

முதல் ஐந்து நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சேலையில் எறும்பு ஏறும் என்று ஒருவர் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் மெள்ள மெள்ள அமைதி. திரும்பி வந்து படித்துக் காட்டியபோதுதான் வேடிக்கை. பன்னிரண்டு வருஷமாக அங்கேயே வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், கொடிமரத்துப் பக்கத்துப் புங்க மரத்தில் அணில் கூடு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாராம். இன்னொருவர் பதினோரு விதச் சத்தம் எழுதியிருந்தார். அதில் ஒன்று எங்கள் சத்துணவு ஆயா தேங்காய் துருவும் சத்தம்!

பிறகு கேள்வி வந்தது. "இது என்ன செடின்னு பசங்க கேட்டா, பேர் தெரியாதே டீச்சர்? மானம் போயிடுமே?" டீச்சர்கள் வெளியே போகத் தயங்குவதற்கு வெயிலும் சிலபஸும் காரணம் என்று சொல்வார்கள். முக்கியக் காரணம் இந்தக் கூச்சம்தான் என்று எனக்குப் படுகிறது. புத்தகத்தில் உள்ளதைக் கேட்டால் பதில் கையில் இருக்கிறது. மரத்தடியில் எந்தக் கேள்வி வரும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த அம்மாள் சிரித்தார். "எனக்கும் பாதிச் செடிக்குப் பேர் தெரியாது. 'தெரியலையே கண்ணு, வா பார்க்கலாம்'னு சொல்லிப் பழகுங்க. இலை எதிரெதிரா இருக்கா, மாத்தி மாத்தி இருக்கா? கிள்ளினா பால் வருதா? கசக்கினா என்ன வாசனை? இதையெல்லாம் எழுதி, படம் வரைஞ்சு, வகுப்புச் சுவத்தில ஒட்டுங்க. பேரை அப்புறம் யாராவது சொல்வாங்க" என்றார். எருக்கம்பாலைக் கையால் தொட்டுக் கண்ணைக் கசக்கக் கூடாது, தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லி வைத்தார்.

அன்று சாயந்திரத்துக்குள் ஒவ்வொரு பள்ளிக்காரர்களும் தங்கள் பள்ளியைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு படம் போட வேண்டும். மரம், கிணறு, கண்மாய், கோயில் நந்தவனம், செக்கு, குயவர் வீடு, மாட்டுக் கொட்டில், தையல் கடை... 'எங்க ஊரில ஒண்ணுமே இல்லை' என்று உதட்டைப் பிதுக்கிய டீச்சரின் தாளில் இடம் போதவில்லை.

கண்மாய்க்கரை வாத்தியார்

மறுநாள் காலை எட்டு மணிக்கே கண்மாய்க்குக் கிளம்பினோம். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த காலம். பாதிக்கு மேல் தண்ணீர். அங்கே வாத்தியார் வேறொருவர்: எங்கள் ஊர் நீர்க்கட்டி. மடையைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து விடுகிற பெரியவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். டீச்சர்கள் வட்டமாக நின்று நோட்டைப் பிரித்ததும் வெட்கப்பட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார்.

"ஐயா, இந்தக் கல்லெல்லாம் எதுக்கு நட்டு வச்சிருக்கு?" என்று ஒரு டீச்சர் கேட்டார். கண்மாய் நிரம்பினால் வழிந்து போகும் கலுங்கில் வரிசையாக நிற்குமே, அந்தக் கற்கள்.

"வெள்ளம் முரட்டுத்தனமா வந்தா அந்தச் சந்து வழியாப் போயிரும் டீச்சரம்மா. மழை அடங்கப் போகுதுன்னு தெரிஞ்சா, கல்லுக்கு நடுவில மண்ணையும் புல்லையும் வச்சு அடைச்சிருவோம். இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கும்ல? ஒரு தண்ணிக்கு வயலைக் காப்பாத்திரலாம்."

எத்தனை வருஷமாக இந்தக் கரையில் பஸ்ஸுக்கு நடந்திருக்கிறோம்! கேட்கத் தோன்றியதா நமக்கு?

தண்ணீரோரம் ஒரு நாரை நின்றது. அலகை மூடினாலும் நடுவில் இடுக்கு தெரிந்தது. நத்தையைப் பிடித்துத் தின்பதற்கென்றே அமைந்த அலகு. பேரே நத்தைகுத்தி நாரை. அருகில் முக்குளிப்பான் முங்கி முங்கி எழுந்தது. எத்தனை எண்ணிக்கைக்கு மேலே வருகிறது என்று டீச்சர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி கோரஸாக எண்ணினார்கள். கரைமண்ணை நனைத்து, சீடை உருட்டுகிற மாதிரி உருட்டிப் பார்க்கச் சொன்னார் அந்த அம்மாள். வண்டல் மண் உருண்டு நிற்கிறது, மணல் உதிர்கிறது. எது தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பதை இனி யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இவ்வளவோடு விட்டிருந்தால் இது ஒரு பிக்னிக் ஆகியிருக்கும். பள்ளிக்குத் திரும்பியதும் அந்த அம்மாள் பாடப்புத்தகங்களைக் கொண்டுவந்து கொட்டினார். பார்த்தது ஒவ்வொன்றும் எந்த வகுப்பின் எந்தப் பாடத்தில் வருகிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். கலுங்கு சமூக அறிவியலுக்குப் போயிற்று. கரையின் நீளத்தைக் கயிற்றால் அளந்தது கணக்குக்கு. நீர்க்கட்டி பேசியது தமிழுக்கு. அவர் சொன்ன மடை, கலுங்கு, வண்டல், ஒரு தண்ணி என்ற வார்த்தைகளையெல்லாம் பட்டியல் எடுத்தார்கள். போவதற்கு முன் வகுப்பில் ஒரு கேள்வி, போன இடத்தில் ஒரு வேலை, வந்தபின் எழுதவோ வரையவோ ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் வெளியே அழைத்துப் போக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழலின் நுனியைக் காலை பத்து மணியிலிருந்தே யாராவது ஒருவர் சாக்பீஸால் குறித்துக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு என்றுதானே நாம் நினைக்கிறோம்? நிழல் மிகக் குறுகியது பன்னிரண்டரை சுமாருக்கு! நம் கடிகாரம் அலகாபாத் பக்கம் போகும் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். மாதத்துக்கு மாதமும் சில நிமிஷங்கள் மாறும். தை மாதத்தில் நண்பகல் நிழல் அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், வடக்குப் பார்த்து விழுந்தது. மதுரைப் பக்கம் சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளிலும், ஆவணியில் இன்னொரு நாளும், செங்குத்தான குச்சிக்கு உச்சியில் நிழலே இருக்காது. சென்னைக்காரர்கள் சித்திரையில் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். லீவு நாள்தான், பன்னிரண்டே கால் மணி வாக்கில் வாசலில் வைத்துப் பாருங்களேன்.

இன்னொரு கணக்கு என் மனசுக்குப் பிடித்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் பள்ளி மொட்டை மாடி 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 1,200 லிட்டர். பதினைந்து லிட்டர் குடமாக 80 குடம்! லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நம்மில் யாருக்கு இந்தக் கணக்கு மறக்கும்?

இது புதுசா?

இல்லவே இல்லை. இப்போது சந்துக்குச் சந்து 'மாண்டிசோரி' என்று போர்டு மாட்டி, உள்ளே ஏ.சி. போட்டு, பிளாஸ்டிக் புல் விரித்து வைத்திருக்கிறார்கள். அந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் தம் அறுபத்தொன்பதாவது வயதில் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பு. முதல் பயிற்சிக்கே சுமார் 300 பேர் வந்தார்கள். அவர் இத்தாலியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்கள் தங்க வந்தவரை யுத்தம் பிடித்துக்கொண்டது. 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் மகனைக் காவலில் வைத்துவிட்டார்கள். அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளையொட்டித்தான் விடுவித்தார்கள். தாய்க்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்!

பிறகு 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார்கள். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் சேர்ந்த சின்னப் பள்ளி. மாரியோவும், இலங்கையிலிருந்து வந்திருந்த லீனா விக்ரமரத்னே என்ற ஆசிரியையும் குழந்தைகளோடு காட்டிலும் ஓடையோரத்திலும் நடந்தார்கள். செடியும் சிற்றுயிரும் பார்த்து வகை பிரித்துப் பெயரிட்ட அந்த அனுபவத்திலிருந்துதான் ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கான அவர்களுடைய இயற்கைப் பாடங்கள் உருவாயின. அப்புறம் உலகம் முழுக்க மாண்டிசோரி டீச்சர்கள் அதைப் படித்தார்கள். நம் பழனி மலையில் பிறந்த பாடம்! போர்டு மாட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் தேவலை.

மார்ஜரி சைக்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியையும் சொல்ல வேண்டும். 1928-ல் சென்னை வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு டீச்சராக வந்து, தமிழ் கற்று, பிறகு காந்திஜியின் சேவாகிராமத்தில் பத்து வருஷம் போல ஆசிரியர் பயிற்சியைக் கவனித்தவர். அங்கே ஆதாரக் கல்வியில் பருத்தி, தோட்டம், அடுப்படி எல்லாமே பாடம். கற்பிக்க வந்தவர்களும் முதலில் மண்வெட்டியைப் பிடித்தாக வேண்டும்.

பாம்பு, வெயில், தண்ணீர்

அம்மாக்களுக்கு உள்ளே அடித்துக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியில் ஒரு மதியம் முழுக்க இதற்குத்தான். டீச்சர் முந்தின நாளே அந்த வழியில் நடந்து பார்க்க வேண்டும். தண்ணீர் உள்ள இடத்தில் குழந்தைகள் கரையோரக் கயிற்றைத் தாண்டக் கூடாது; கூடுதலாகப் பெரியவர்கள் இருந்தே தீர வேண்டும். நீச்சல் தெரிந்த ஒருவர் கூட வராமல் கண்மாய்க்கே போகக் கூடாது. தேன்கூடு உள்ள மரத்தடி ஆகாது. வெயில் காலத்தில் காலை பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். எல்லாருக்கும் தண்ணீர், தலைக்கு ஒரு துணி. இழுப்பு உள்ள குழந்தையின் இன்ஹேலர் டீச்சர் பையில். கிளம்புமுன் எல்லாரும் பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும். பெண் குழந்தைகள் வெளியே அடக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு கெடுதல் என்று நமக்குத் தெரியாததா?

பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல், குழந்தையை நடக்க விடாமல், 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு. விஷமுறிவு மருந்து அங்கேதான். இது வீட்டுக்கும் பொருந்தும், ஞாபகம் இருக்கட்டும்.

வெளியே போனால் பெண் கறுத்துப் போகும் என்று என்னிடமே இரண்டு அம்மாக்கள் சொன்னார்கள். கறுத்தால் என்ன? கண் நன்றாக இருக்க வேண்டாமா? சீனாவில் குவாங்சோ நகரில் 2010 முதல் 2013 வரை ஒரு சோதனை செய்தார்கள். ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளி வகுப்பு. வேறு ஆறு பள்ளிகளில் வழக்கம் போல. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கமான பள்ளிகளில் நூற்றுக்குச் சுமார் 40 குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போன குழந்தைகளில் சுமார் 30. மாத்திரை இல்லை, சொட்டு மருந்து இல்லை, பகல் வெளிச்சம்தான். இரண்டாம் வகுப்பிலேயே கண்ணாடி மாட்டும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்தப் பத்துப் பேர் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

பயிற்சிக்குப் பிறகு

எல்லாம் நல்லபடி நடந்துவிடவில்லை. வந்த இருபத்தெட்டுப் பேரில் எங்களுக்குத் தெரிந்து ஏழெட்டுப் பேர்தான் தொடர்ந்து வெளியே போகிறார்கள். ஒரு பள்ளியில் ஹெட்மாஸ்டர் 'விழுந்து கிழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது?' என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். இன்னொன்றில் பெற்றோரே, 'படிக்க அனுப்பினால் ஊர் சுற்ற வைக்கிறார்களே' என்று சண்டைக்குப் போனார்களாம். தனியாக விடப்பட்ட டீச்சர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? இரண்டு நாள் பயிற்சி தைரியம் தரும். அதைக் காப்பாற்ற மாதம் ஒருமுறையாவது அவர்கள் கூடிப் பேச வழி வேண்டும். அந்த ஏழெட்டுப் பேர் சனிக்கிழமைகளில் ஒரு பள்ளி மாற்றி ஒரு பள்ளி போய், ஒருவர் வெளி வகுப்பை இன்னொருவர் பார்க்கிறார்கள். போக வர பஸ் செலவு சொந்தக் காசு. அதையாவது யாராவது ஏற்றுக்கொள்ளலாம்.

என் மகன் வகுப்பில் ஆட்டுக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறவன். எந்த இலையை ஆடு தின்னும், எதை முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்று வேலியோரத்தில் அவன் சொல்லச் சொல்ல, டீச்சர் நோட்டில் எழுதினாராம். அப்புறம் அதே பட்டியலைப் போர்டில் எழுதி அவனையே படிக்கச் சொன்னார். தான் சொன்ன வார்த்தைகள் ஆயிற்றே, தடவித் தடவி முழுக்கப் படித்துவிட்டான். மற்றப் பாடத்தில் இன்னும் திணறல்தான். ஆனால் லீவு போடுவதை விட்டுவிட்டான்.

மாசி மாதக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் பயம் இருந்தது. "நீங்க கூட வர்றதா இருந்தா நான் அனுப்பறேன்" என்றார். புதன்கிழமை முதல் இரண்டு பீரியட் வெளி வகுப்பு. ஒவ்வொரு வகுப்போடும் இரண்டு அம்மாக்கள் முறை வைத்துப் போவது. மண் ஒட்டிய யூனிபாரத்துக்காக டீச்சரிடம் யாரும் சண்டை போடக் கூடாது என்று முடிவாகி, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். கீரை விற்கும் ஆத்தா ஒரு நாள் வந்து எட்டு வகைக் கீரையை அடையாளம் காட்டச் சம்மதித்திருக்கிறார். பங்குனி முதல் புதன் என் முறை. வேப்பம்பூ உதிரும் சமயம் என்பதால், மரத்தடியில் விரிக்க இரண்டு பழைய வேட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.